வரிசை சரி, ஆண்டு தவறு: மாக்ஸ் லோரும் ஷாங் வெண்கலங்களும்

1953-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் இயங்கிய சீனக் கலைச் சங்கத்தின் ஆய்விதழில், ஆன்யாங் காலத்து வெண்கலப் பாணிகள் பற்றி மாக்ஸ் லோர் என்னும் ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பண்டைய சீனாவை ஆண்ட ஷாங் அரசர்களின் காலத்தில் வார்க்கப்பட்ட சடங்குக் கலங்களின் மேற்பரப்பு வேலைப்பாடு ஐந்து படிகளைக் கடந்து வளர்ந்தது, அந்தப் படிகள் இன்ன வரிசையில்தான் அமைந்தன என்பது அதன் சாரம். தம் வரிசைக்கு ஆதாரமாக அவர் காட்டுவதற்கு மண்ணடுக்கு எதுவும் இல்லை; அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் செல்வந்தர் சேகரிப்புகளிலும் இருந்த கலங்களும் அவற்றின் புகைப்படங்களும்தான். அடுத்த கால் நூற்றாண்டில் சீனாவில் நடந்த அகழாய்வுகள் அவருடைய வரிசையை மண்ணுக்குள்ளிருந்து உறுதி செய்தன. அதே அகழாய்வுகள் அவர் கொடுத்த காலக் கணக்கைக் கலைத்தும் போட்டன. ஒரே கட்டுரை ஒன்றில் முற்றிலும் சரியாகவும் மற்றொன்றில் தெளிவாகத் தவறாகவும் ஆனது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, அவருடைய பயிற்சியையும் அவர் எதிர்த்து வாதாடிய கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லோர் 1903-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பிறந்தவர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் லுட்விக் பாக்ஹோஃபரிடம் பயின்று, பண்டைய சீன வெண்கலங்களின் காலவரிசை பற்றிய ஆய்வுக்காக 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். பாக்ஹோஃபர் இந்தியக் கலையிலும் தோய்ந்தவர். பழைய இந்தியச் சிற்பங்கள் பற்றி 1929-இல் அவர் வெளியிட்ட இரு தொகுதிகளை நம் கலை வரலாற்று மாணவர்கள் அறிந்திருக்கக் கூடும். அவரோ ஹைன்ரிஷ் வோல்ஃப்லினின் மாணவர். ஓவியத்தையும் சிற்பத்தையும் அவற்றின் கதைப்பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, கோடு, பரப்பு, ஆழம், தெளிவு ஆகியவை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படி மாறுகின்றன என்று கவனிப்பது வோல்ஃப்லின் வகுத்த வழி. இத்தாலிய ஓவியத்துக்காகப் பிறந்த இந்தக் கண், பெயரும் ஊரும் தெரியாத வார்ப்பாசாரிகளின் வெண்கலத்தின் மீது திரும்பியபோது அங்கே இன்னும் கூர்மையாகவே வேலை செய்தது எனலாம். ஓவியர்களைப் பற்றி வாழ்க்கைக் கதைகள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன. வெண்கலத்துக்கோ வடிவத்தைத் தவிர வேறு சாட்சி குறைவு.

பாக்ஹோஃபரின் மனைவி யூதர் என்பதால் அவர் 1935-இல் ஜெர்மனியை விட்டு நீங்கி சிகாகோ சென்றார். லோர் மியூனிக் இனவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிவிட்டு, 1940-களின் தொடக்கத்தில், ஜெர்மன் அரசின் ஆதரவு பெற்ற ஜெர்மனி நிறுவனத்தில் பணிபுரியப் பெய்ஜிங் சென்றார். போரும் அதன் பின்விளைவுகளும் சேர்ந்து அவரை 1949 வரை அங்கேயே இருத்தின. அந்த ஆண்டுகள் அவருக்கு வீணாகவில்லை. தியான்ஜினில் வாழ்ந்த ஜெர்மானிய வணிகர் ஒருவர் திரட்டிய பண்டைய ஆயுதங்களின் தொகுப்பு போருக்குப் பின் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்து ஆராய்ந்ததன் பயனாகவே சீன வெண்கலக் கால ஆயுதங்கள் பற்றிய அவருடைய 1956-ஆம் ஆண்டு நூல் பிறந்தது. 1951-இல் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1953 கட்டுரை அங்கிருந்து எழுதப்பட்டது.

ஊரில்லாக் கலங்கள்

அன்றைய நிலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஹெனான் மாகாணத்தின் ஆன்யாங் அருகே, ஷாங் மரபின் கடைசித் தலைநகரம் இருந்த இடத்தில், 1928 முதல் 1937 வரை சீனத் தேசிய ஆய்வுக் கழகத்தின் வரலாறு மற்றும் மொழியியல் நிறுவனம் பதினைந்து பருவங்கள் அகழாய்வு செய்தது. முதல் பருவத்தை டோங் ஜுவோபின் நடத்தினார்; பின்னர் ஹார்வர்டில் மானிடவியல் பயின்று திரும்பிய லி ஜி பணியை வழிநடத்தினார். அரச கல்லறைகள் திறக்கப்பட்டன, அரண்மனை அடித்தளங்கள் வெளிப்பட்டன, குறி கேட்க எழுதப்பட்ட எலும்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஜப்பானியப் படையெடுப்பு வந்ததும் வேலை நின்றது. தோண்டி எடுத்த பொருள்கள் சாங்ஷா, குன்மிங், சிச்சுவானின் லிஜுவாங் என்று ஊர் ஊராக ஏற்றிச் செல்லப்பட்டு, இறுதியில் 1948-49-இல் தைவான் சேர்ந்தன. ஒரு பெட்டியைத் திறந்து வைத்து அமைதியாக அறிக்கை எழுதும் வாய்ப்பு அந்த ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் வாய்க்கவில்லை. ஆகவே 1953-இல் அரச கல்லறைகளின் அறிக்கைகள் பெரும்பாலும் வெளிவராமலே இருந்தன.

இன்னொரு பக்கம், கல்லறைத் திருடர்கள் எடுத்த கலங்கள் கடைக்காரர் கை மாறிக் கை மாறி ஸ்டாக்ஹோம், லண்டன், வாஷிங்டன், டோக்கியோ என்று பரவியிருந்தன. அவை எந்தக் குழியில், எந்தக் கலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன என்பது யாருக்கும் தெரியாது. அழகும் பழமையும் வெளிப்படையாகத் தெரிந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சொல்ல வழியில்லை.

இந்த இருட்டில் முதலில் ஒழுங்கான முறையோடு இறங்கியவர் சுவீடனின் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென். பழைய சீன மொழியின் ஒலிப்பை மீட்டுருவாக்கம் செய்ததற்காக உலகப் புகழ் பெற்ற மொழியியலாளர் அவர்; பின்னாளில் ஸ்டாக்ஹோம் தூரகிழக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1936-இல் எழுதிய ஆய்வில், கலங்களின் மீது காணும் சில குலக்குறிகளைக் கொண்டு ஷாங் கலங்களை அடுத்து வந்த ஜோவ் காலக் கலங்களிலிருந்து பிரித்தார். 1937-இல் அடுத்த அடி எடுத்து வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களின் அலங்காரக் கூறுகளைப் பட்டியலிட்டு, எந்தக் கூறு எந்தக் கூறோடு ஒரே கலத்தில் சேர்ந்து வருகிறது என்று எண்ணினார். சில கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வந்தன. சில ஒன்றையொன்று விலக்கின. முதல் தொகுதிக்கு ஏ என்றும், அதோடு பெரும்பாலும் சேராத தொகுதிக்கு பி என்றும், இரண்டிலும் பொதுவாக வருபவற்றுக்கு சி என்றும் பெயரிட்டார். தெளிவான விலங்கு முகம் ஏ தொகுதியில் இருந்தது. கண்கள் மட்டும் மிஞ்ச உடல் கோடுகளாகக் கலைந்த முகம் பி தொகுதியில் இருந்தது. ஏ பாணியே மூலம், பி பாணி அதிலிருந்து பின்னர் உருவானது என்று முடிவு செய்தார்.

கார்ல்கிரென் கண்டறிந்த தொகுப்பு உண்மையானது. ஏ கூறுகளும் பி கூறுகளும் பெரும்பாலும் ஒரே கலத்தில் கூடுவதில்லை என்ற அவருடைய கவனிப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எது முந்தியது என்ற விடை அந்த எண்ணிக்கைக்குள் இல்லை. சேர்ந்து வருதல் என்பது திசையற்ற உறவு; இரண்டு பொருள்கள் ஒன்றாக வருகின்றன என்று தெரிந்தால் எது தந்தை, எது மகன் என்று தெரிந்துவிடாது. திசையை அவர் வெளியிலிருந்து கொண்டுவந்தார். முதலில் இயற்கையை ஒட்டிய உருவம் இருக்கும், அது படியெடுக்கப் படியெடுக்கச் சிதைந்து வெறும் கோடாகும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இனவியல் எழுத்துகளில் ஊறிக் கிடந்தது. பல பக்க அட்டவணைகளின் உழைப்பு, கடைசியில் இந்த ஒற்றை ஊகத்தின் மீது சாய்ந்து நின்றது. எண்கள் நிறைந்த ஆய்வில் எண்ணாத ஒரு வாக்கியம் முடிவைத் தீர்மானிப்பது இன்றும் நடக்கிற காரியம்தான்.

ஐந்து படிகள்

லோர் வைத்த வரிசை இதைத் தலைகீழாக்கியது. முதல் பாணியில் வேலைப்பாடு மெல்லிய இழைபோன்ற மேடான கோடுகளால் ஆனது. எளிமையும் ஒருவித காற்றோட்டமும் உடையது. இரண்டாம் பாணியில் கோடு தடித்துப் பட்டையாகிறது. பட்டைக்கும் இடைவெளிக்கும் உள்ள அகல வேறுபாட்டால் உருவம் கனமாக, செதுக்கியது போலத் தோன்றுகிறது. மூன்றாம் பாணியில் கோடுகள் அடர்ந்து, வளைந்து, இறகு போன்ற நுனிகள் பெற்று, கலத்தின் பரப்பை இன்னும் விரிவாக மூடுகின்றன. எங்கே உருவம் முடிகிறது, எங்கே பின்னணி தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத பின்னல் அது. நான்காம் பாணியில்தான் பெரிய திருப்பம் நிகழ்கிறது. பின்னணி நுண்ணிய சதுரச் சுருள்களாகச் சுருங்க, விலங்கு உருவங்கள் அகன்ற வெறும் பரப்பாகப் பிரிந்து தெரிகின்றன. ஆனாலும் இரண்டும் இன்னும் ஒரே மட்டத்தில்தான் இருக்கின்றன. ஐந்தாம் பாணியில் உருவம் பின்னணியை விட்டு எழுந்து புடைப்பாக நிற்கிறது. கொம்பும் புருவமும் தாடையும் கலத்தின் சுவரிலிருந்து வெளியே நீள்கின்றன.

அதாவது, கார்ல்கிரென் மூலம் என்று கொண்ட தெளிவான விலங்கு முகம் லோரின் வரிசையில் கடைசியில் வருகிறது. தாவ்தியெ என்று பிற்காலச் சீன எழுத்தாளர்கள் பெயரிட்ட அந்த இருகண் முகம், முதலில் இரண்டு கண்களைச் சுற்றி ஓடும் கோட்டு அலங்காரமாகத் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் ஒரு மிருகத்தின் தோற்றத்தைப் பெற்றது என்பது அவர் கூற்று.

இந்தத் திசையை அவர் எங்கிருந்து பெற்றார்? ஒவ்வொரு பாணியும் முந்தைய பாணியில் இருக்கும் ஒரு வாய்ப்பையே பயன்படுத்திக்கொள்கிறது என்று அவர் கண்டார். கோடு தடித்தால் பட்டை வரும். பட்டை அடர்ந்தால் பின்னல் வரும். பின்னலின் நடுவே கண் அலைபாயும்போது உருவத்தை மீட்க வேண்டிய தேவை எழும், அத்தேவைக்கு நான்காம் பாணி விடையாகும். பிரித்துக் காட்டிய உருவத்தை உயர்த்திவிட்டால் ஐந்தாவது வந்துவிடும். எதிர்த் திசையில் இப்படிக் கோக்க முடியாது. புடைப்பாக எழுந்த விலங்கு முகத்தை வார்க்கத் தெரிந்த பட்டறை, எந்தக் காரணத்துக்காக அதைத் தட்டையாக்கி, பின்னணியோடு கலந்து, இறுதியில் மெல்லிழையாகக் கரைக்கும் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. கார்ல்கிரெனின் அலகு அலங்காரக் கூறு. லோரின் அலகு வேலை செய்யும் கையின் அடுத்த முடிவு. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

லோர் தொழில்நுட்பத்தை அதிகம் பேசவில்லை. அவருடைய ஹார்வர்ட் மாணவரும் பின்னர் பிரின்ஸ்டனில் கற்பித்தவருமான ராபர்ட் பேக்லி அந்தப் பகுதியை நிரப்பினார். ஷாங் கலங்கள் நம் சிற்பிகள் அறிந்த மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை அல்ல. முதலில் களிமண்ணில் கலத்தின் மாதிரியைச் செய்வார்கள். அதன் மீது களிமண்ணை அப்பி, ஓரளவு காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள், அவையே அச்சு. உள்ளே வெற்றிடம் வேண்டுமல்லவா, அதற்கென ஓர் உட்கருவைக் களிமண்ணிலேயே செய்து, அச்சுத் துண்டுகளை அதைச் சுற்றி மீண்டும் பொருத்தி, இடைப்பட்ட சந்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். இந்த முறையில் அலங்காரம் எங்கே செதுக்கப்படுகிறது என்பது அதன் தோற்றத்தையே மாற்றும். அச்சின் உட்புறத்தில் கூரிய கருவியால் ஒரு கோடு கீறினால் கலத்தில் அது மெல்லிய மேடான இழையாக விழும்: லோரின் முதல் பாணி. மாதிரியின் மேலேயே செதுக்கத் தொடங்கினால், குழிந்த இடம் போக எஞ்சியது பட்டையாக நிற்கும்: இரண்டாம் பாணி. மூன்று கால் கலத்துக்கு மூன்று அச்சுத் துண்டுகள் என்றால் முகமும் மூன்று முறை திரும்ப வரும். துண்டுகள் சேரும் மூட்டில் வெண்கலம் கசிந்து ஏற்படும் தழும்பைப் பிற்காலப் பட்டறைகள் மறைக்காமல், அதையே நிமிர்ந்த விளிம்பாக வளர்த்து அலங்காரமாக்கிக்கொண்டன. லோர் கண்ணால் மட்டும் கண்டறிந்த வரிசைக்கு அடியில் களிமண்ணின் தர்க்கம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

மண்ணின் தீர்ப்பு

1950-களின் தொடக்கத்தில், ஆன்யாங்கிற்குத் தெற்கே மஞ்சள் ஆற்றின் மறுகரையில் உள்ள ஜெங்ஜோவ் நகரின் எர்லிகாங் என்ற இடத்தில் ஷாங் காலத்துக் குடியிருப்பு தோண்டப்பட்டது. பின்னர் பெரிய மண்மதில் ஒன்றும் வெளிப்பட்டது. ஆன்யாங்கைவிட முந்தியது அந்த நகரம் என்பதை மண்ணடுக்குகள் காட்டின. அங்கே கிடைத்த வெண்கலக் கலங்களின் வேலைப்பாடு லோரின் முதல் இரண்டு பாணிகளோடு ஒத்துப்போனது. நான்காவதோ ஐந்தாவதோ அங்கே இல்லை. ஹூபெய் மாகாணத்தின் பான்லோங்செங்கில் 1963-லும் 1974-லும் நடந்த பெரிய அகழாய்வுகள் இதே கதையை யாங்ஸே ஆற்றங்கரையிலிருந்து சொல்லின. ஜெங்ஜோவ் காலத்தைச் சேர்ந்த பான்லோங்செங் கல்லறைகளில் இழைக்கோடும் பட்டையும் கொண்ட கலங்களே இருந்தன. அகழாய்வுச் செய்திகளையும் லோரின் வரிசையையும் அருகருகே வைத்து, இரண்டும் பொருந்துகின்றன என்று 1966-இல் விரிவாக எடுத்துக் காட்டியவர் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் சோப்பர்.

அடுத்த பெரிய சாட்சி 1976-இல் வந்தது. ஆன்யாங்கில் தொல்லியலாளர் ஜெங் ஜென்சியாங் தலைமையிலான குழு, திருடர் கை படாத ஒரு கல்லறையைத் திறந்தது. அரசன் வு டிங்கின் மனைவியருள் ஒருத்தியான ஃபு ஹாவின் கல்லறை அது. குறி எலும்புகளில் படை நடத்தியவளாகவும் பலி வழிபாட்டைச் செய்தவளாகவும் பேசப்படுபவள் அவள்; கலங்களின் மீதிருந்த அவள் பெயரே கல்லறையை அடையாளம் காட்டியது. 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைமணிக்கல் பொருள்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் என்று குவிந்து கிடந்த அந்தக் குழியின் அளவு ஏறத்தாழ 5.6 மீட்டருக்கு 4 மீட்டர்தான். பொருள்களின் பெருக்கத்தைவிட, அவற்றின் காலம் உறுதியாகத் தெரிந்ததே ஆய்வாளர்களுக்கு அரியது. கி.மு. 1200 அளவில், ஆன்யாங் குடியேற்றத்தின் முற்பகுதியில், லோரின் நான்காம் ஐந்தாம் பாணிகள் முழு வளர்ச்சியோடு பக்கம் பக்கமாக நின்றன.

இங்கேதான் கணக்கு உடைகிறது. தம் கட்டுரைத் தலைப்பிலேயே லோர் கி.மு. 1300 முதல் 1028 வரை என்று எல்லை கட்டியிருந்தார். ஐந்து படிகளையும் அந்த 272 ஆண்டுகளுக்குள், ஆன்யாங் என்ற ஒரே ஊருக்குள் அடுக்கியிருந்தார். உண்மையில் அவருடைய முதல் பாணிகள் ஆன்யாங் தலைநகராவதற்கு முன்பே முடிந்துவிட்டன. கடைசிப் பாணியோ ஆன்யாங்கின் முதல் நூற்றாண்டிலேயே முதிர்ந்துவிட்டது. ஷாங் மரபின் வீழ்ச்சிக்கு அவர் ஏற்றுக்கொண்ட 1028 என்ற ஆண்டையும் இன்று யாரும் வலியுறுத்துவதில்லை. சீன அரசு 1996-இல் தொடங்கிய காலவரிசைத் திட்டம் 1046 என்று முடிவு செய்தது, அதுவும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று.

ஆன்யாங்குக்குள் எல்லாவற்றையும் அடைத்தது அன்றைய அறிவுக்கு முரணான செயல் என்று சொல்ல முடியாது. போருக்கு முந்தைய அகழாய்வில் ஆன்யாங்கின் ஷியாவ்துன் பகுதிக் கல்லறைகள் சிலவற்றில் எளிய வேலைப்பாடு கொண்ட கலங்களும் கிடைத்திருந்தன. வேறு ஷாங் நகரம் எதுவும் அப்போது நன்கு அறியப்படவில்லை. 1999-இல் ஆன்யாங் அருகே ஹுவான் ஆற்றின் வடகரையில் ஹுவான்பெய் என்னும் மதில் சூழ்ந்த நகரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே, ஜெங்ஜோவுக்கும் பிற்கால ஆன்யாங்குக்கும் நடுவே அதே வட்டாரத்தில் ஓர் இடைக்கால நகரம் இருந்தது தெளிவாயிற்று. எனினும், தவறு தவறுதான். அவருடைய முறை முன்பின் என்பதைக் கூறக்கூடியது; எத்தனை ஆண்டு என்பதைக் கூறும் உறுப்பு அதில் இல்லை. ஒரு பாணியிலிருந்து அடுத்ததற்குப் போக இருபது ஆண்டுகளும் ஆகலாம், நூறு ஆண்டுகளும் ஆகலாம். ஆண்டுக் கணக்கை அவர் கையிலிருந்த வரலாற்று நூல்களிலிருந்து எடுத்து வரிசையின் மீது ஒட்டினார். ஒட்டிய பகுதிதான் பெயர்ந்து விழுந்தது. லோரைப் புகழ்பவர்கள் அவர் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிட்டார் என்பதும், குறைகூறுபவர்கள் அவர் காலக்கணிப்பே தவறு என்பதும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவன.

கார்ல்கிரெனின் ஏ, பி பிரிவுக்கும் மண் ஒரு விளக்கம் தந்தது. அவருடைய பி கூறுகளில் பெரும்பகுதி லோரின் முந்தைய பாணிகளின் சொத்து. ஏ கூறுகள் பிந்தையவற்றின் சொத்து. அவை ஒரே கலத்தில் சேராததற்குக் காரணம் காலமே. தொகுப்பு சரியாக இருந்தது, தலைகீழாக நின்றது, அவ்வளவே. ஆயினும் கார்ல்கிரென் தம் நிலையை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

வெண்கலம் எங்கிருந்து வந்தது

லோரின் இன்னொரு நிலைப்பாட்டுக்கு அகழாய்வு இவ்வளவு ஆதரவாக இல்லை. 1949-இல் ஆன்யாங்கின் ஆயுதங்களையும் சைபீரியாவின் ஆயுதங்களையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், சீனாவில் உலோகத் தொழிலின் தொடக்க நிலை எங்கும் தென்படவில்லை, முதிர்ந்த நிலையிலேயே அது தோன்றுகிறது, ஆகவே தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அன்றைய சான்றுகளோடு பொருந்திய வாதம்தான். ஆனால் சான்று இல்லை என்பதை வைத்து எழுப்பிய வாதம். 1959-இல் எர்லிடோவ் கண்டறியப்பட்டது. ஜெங்ஜோவுக்கும் முந்திய அந்த ஊரில் வேலைப்பாடு அதிகமில்லாத, சுவர் மெல்லிய வெண்கல மதுக்கலங்கள், அதே துண்டு அச்சு முறையில் வார்க்கப்பட்டவை, கிடைத்தன. எங்கும் தென்படவில்லை என்று லோர் சொன்ன தொடக்க நிலை அங்கே இருந்தது. 1960-களில் நோயல் பர்னார்ட் போன்றோர் சீன வார்ப்புத் தொழில் முழுக்க உள்ளூரில் பிறந்தது என்று எதிர்முனைக்கே போனார்கள்.

இன்றைய நிலை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. வடமேற்குச் சீனாவின் கான்சு வட்டாரத்துப் பழைய செம்பு, வெண்கலச் சிறுபொருள்களும், தேரும் குதிரையும் ஆன்யாங்கில் தோன்றிய விதமும் புல்வெளி மக்களோடு தொடர்பு இருந்ததை வலுவாகக் காட்டுகின்றன. கத்திகள் முதலியவற்றில் லோர் கண்ட சைபீரிய ஒற்றுமைகள் மீண்டும் மதிப்புப் பெற்றிருக்கின்றன. துண்டு அச்சில் பெருங்கலம் வார்க்கும் கலையோ சீன மண்ணில் விளைந்ததாகவே தெரிகிறது.

முகத்துக்குப் பொருள் உண்டா

1960-இல் லோர் ஹார்வர்டில் அபி ஆல்ட்ரிச் ராக்கெஃபெல்லர் பெயரிலான கீழைக் கலைப் பேராசிரியராக அமர்ந்தார். ஃபாக் அருங்காட்சியகத்தின் கீழைத் தொகுப்பும் அவர் பொறுப்பில் இருந்தது. 1968-இல் நியூயார்க் ஆசியா சங்கத்தில் அவர் அமைத்த சடங்குக் கலக் காட்சியின் விவரநூலில், ஐந்து பாணிகளை ஜெங்ஜோவ் செய்திகளின் துணையோடு மீண்டும் விளக்கியதுடன், அதிலிருந்து ஒரு கடுமையான முடிவையும் எடுத்தார். விலங்கு முகம் வெறும் வடிவிலிருந்து வடிவாக வளர்ந்தது என்றால், அதற்கு நிலைத்த சமயப் பொருளோ புராணப் பொருளோ இருந்திருக்க முடியாது. இசையின் அமைப்புக்கு இருக்கும் வகையான பொருளே அதற்கு உண்டு, சொல்லால் எடுத்துரைக்கத்தக்க பொருள் இல்லை என்றார்.

இந்த முடிவு பலருக்குக் கசந்தது. நாற்பது, ஐம்பது கிலோ வெண்கலத்தை முன்னோருக்குப் படைக்கும் கலமாக வார்த்து, அதன் மேல் இமைக்காத கண்களைப் பதித்த ஒரு சமூகம், அந்தக் கண்களைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை என்று நம்புவது கடினம். பின்னர் ஹார்வர்டுக்கு வந்த தொல்லியலாளர் குவாங்-சி சாங், ஆவிகளோடு பேசும் பூசாரிக்குத் துணைநின்ற விலங்குகளே கலங்களில் இடம் பெற்றன என்று எதிர்த்திசையில் வாதிட்டார். சாங்கின் வாதத்துக்கு ஆதாரமான இலக்கியங்கள் பெரும்பாலும் ஷாங் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் எழுதப்பட்டவை என்பது அதன் பலவீனம். லோரின் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. ஒரு வடிவம் எப்படித் தோன்றியது என்பது, தோன்றியபின் மக்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதைத் தீர்மானிக்காது. முதல் பாணியில் வெறும் கோடாக இருந்தது, ஐந்தாம் பாணியில் ஆட்டுக்கொம்பும் புலிவாயும் பெறும்போது யாரோ அதை ஒரு விலங்காகப் பார்த்ததால்தானே பெற்றது? அவருடைய வாதம் உண்மையில் நிறுவுவது இதைவிடச் சிறிய, ஆனால் உறுதியான ஒன்று: பொருளைத் தேடுகிறவர்கள் முழுமையடைந்த ஐந்தாம் பாணி முகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதையே தொடக்கமாகக் கொள்ள முடியாது.

ஹார்வர்ட் ஆண்டுகளில் அவருடைய கவனம் ஓவியத்தின் பக்கம் நகர்ந்தது. சோங் கால ஓவியர்கள் இயற்கையை வெல்லப் போராடினர், யுவான் காலத்திலிருந்து பழைய பாணிகளே ஓவியரின் கருப்பொருள் ஆயின என்று அவர் வகுத்த பிரிவு 1960-களில் பெரிதும் பேசப்பட்டது. மிச்சிகனில் அவரிடம் பயின்ற ஜேம்ஸ் கேஹில் சீன ஓவிய வரலாற்றில் ஆசிரியரைவிடப் பரந்த வாசகரைப் பெற்றார். பௌத்தத் திருமுறைப் பதிப்பில் வந்த நிலக்காட்சி மரச்செதுக்கு அச்சுப் படங்கள் பற்றி 1968-லும், ஃபாக் அருங்காட்சியகத்தின் பச்சைமணிக்கல் தொகுப்பு பற்றி 1975-லும், ஓவியர்கள் பற்றி 1980-லும் நூல்கள் வந்தன. 1974-இல் ஓய்வு பெற்றார். தம் முறையைப் பற்றித் தனியாக எழுதி விளக்கும் பழக்கம் அவருக்குக் குறைவு. 2008-இல் பேக்லி அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லோர் 1988-இல் காலமானார். அடுத்த ஆண்டு ஜியாங்சி மாகாணத்தின் ஷின்கான் வட்டத்தில் உள்ள தாயாங்ஜோவில், மணல் மேடு ஒன்றினுள் நானூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் ஒரே குவியலாக வெளிப்பட்டன. அவற்றுள் சில ஜெங்ஜோவ் காலப் பாணியிலும், சில ஆன்யாங் பாணியிலும், வேறு சில வடக்கே எங்கும் காணாத உள்ளூர்ப் பாணியிலும் இருந்தன. கைப்பிடிகளின் மேல் சிறிய புலிகள் நின்றன. சிச்சுவானின் சான்ஷிங்துய்யில் 1986-இல் திறந்த இரு குழிகள் ஏற்கெனவே இன்னும் விசித்திரமான வெண்கல முகங்களைக் காட்டியிருந்தன. ஜெங்ஜோவ் பட்டறைகளின் கைத்திறன் தெற்கே போய், அங்கே வேறு பாதையில் வளர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் இப்போது எடுத்துவரும் விளக்கம். தாயாங்ஜோவில் எந்தக் கலம் பரம்பரையாகக் காக்கப்பட்ட பழம்பொருள், எது பழைய பாணியைப் பிடித்துக்கொண்டு உள்ளூரில் புதிதாக வார்க்கப்பட்டது என்பதை லோரின் ஐந்து படிகளை வைத்து மட்டும் சொல்ல முடிவதில்லை. அந்தப் படிகள் ஒரே மரபில் வேலை செய்த பட்டறைகளுக்காக வகுக்கப்பட்டவை. ஆனால் அந்தக் குவியலில் எது வடக்கிலிருந்து எந்தக் கட்டத்தில் பிரிந்தது என்று கேட்பவர்கள், கேள்வியைத் தொடங்குவதற்கு இன்றும் அவருடைய இரண்டாம் பாணிக்கும் மூன்றாம் பாணிக்கும் இடைப்பட்ட எல்லைக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.